வாடகைக்கு வந்த தொழிற்கருவி

விலை கூடிய தொழில்முறை மென்பொருளை மொத்தப் பணம் கொடுத்து வாங்கிய காலம் போய், மாதம் இவ்வளவு என்று சந்தா கட்டும் காலம் வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. ஆயிரக்கணக்கில் விற்ற பொருள் இன்று சில பத்து டாலருக்குக் கிடைக்கிறதே, சிறு கடைக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. தம்பின் வட்டாரத்தில் அழைப்பிதழ், பேனர், திருவிழா நோட்டீஸ், பள்ளி மலர் என்று வடிவமைத்து அச்சுக்கு அனுப்பும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்ல விரும்புகிறேன். தொகையைத் துண்டு துண்டாக்கியதால் உள்ளே நுழைவது எளிதாகியிருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் நுழைவதற்கும் தொடர்ந்து கட்டுவதற்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது. ஒரு சந்தாவை மலிவு என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், அதன் விலை இந்த ஊரின் வருமானத்தை அளவாகக் கொண்டிருக்க வேண்டும். வேலை இல்லாத மாதத்தில் அபராதமின்றி நிறுத்த முடிய வேண்டும். பல ஆண்டு கட்டியவன் கையில் கடைசியில் ஏதாவது மிஞ்ச வேண்டும். இன்றுள்ள பெரிய திட்டங்களில் இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது அரிது. இவற்றைக் கொடுக்க இயலாது என்பதற்கு நிறுவனத் தரப்பில் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அவை நிற்பதில்லை.

தொழில் எப்படிப்பட்டது என்று தெரியாமல் விலையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. தம்பின், நெகிரி செம்பிலானின் தென்கோடியில் மலாக்கா எல்லையை ஒட்டிய ஊர். ஊர்ப் பெயரைத் தாங்கிய ரயில் நிலையமே மலாக்காப் பக்கம் புலாவ் செபாங்கில்தான் இருக்கிறது. ரெப்பா, ரீஜண்ட் தொடங்கி கெமிஞ்சே, கெமாஸ் பக்கம் வரை ரப்பராக இருந்து செம்பனையாக மாறிய தோட்டங்கள். தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் தாமான் வீடுகளுக்கும் சிரம்பான், மலாக்கா, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று வேலை கிடைத்த இடங்களுக்கும் போய்விட்டார்கள். ஆனாலும் தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கும் தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சிக்கும் திரும்பி வருகிறார்கள். எங்களுக்கு வேலை கொடுப்பது இந்த வரவுதான். தைப்பூசத்தை ஒட்டி ஒரு நெரிசல், பங்குனி சித்திரையில் திருவிழா நோட்டீஸ்கள், தை, வைகாசி, ஆவணியில் கல்யாணப் பத்திரிகைகள், தீபாவளிக்கு முன் கடைகளின் விளம்பரங்கள், ஆண்டு இறுதியில் பாலர்பள்ளிப் பட்டமளிப்பு. 2023 ஆகஸ்ட் 12 அன்று நடந்த மாநிலத் தேர்தல் போல ஒன்று வந்தால் சில வாரங்களுக்குக் கண்ணுறக்கம் இராது. மார்கழியில் முகூர்த்தமே கிடையாது. ஆடியில் அம்மன் கோவில் வேலை உண்டு, கல்யாண வேலை இல்லை. இடைப்பட்ட வாரங்களை நிரப்புவது நினைவஞ்சலி அட்டையும் பெயர்ப்பலகையும்தான். வேலை தருகிறவரும் பெரிய நிறுவனமல்ல. உறுப்பினர்களிடம் ஐந்தும் பத்துமாக வசூலித்துத் திருவிழா நடத்தும் ஆலயப் பொருளாளர் அவர். சென்ற ஆண்டு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டுதான் விலை பேசுவார். அது அவருடைய கடமை. குறை சொல்ல முடியாது.

பழைய முறை நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால் அதற்கும் நான் உடன்பட மாட்டேன். அடோபி நிறுவனம் 2012இல் வெளியிட்ட சிஎஸ்6 முழுத் தொகுப்பின் அமெரிக்க விலை 2,599 டாலர். போட்டோஷாப் மட்டும் 699 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் முழுத் தொகுப்பு ஏறத்தாழ எட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்). 2013 ஜனவரியில் முதன்முதலாகக் கொண்டுவரப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளி. ஒன்பது மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு மென்பொருள் தொகுப்பை வாங்கு என்று சொன்னால், அந்த விலை சிற்றூர்க் கடைக்காரனை மனத்தில் வைத்துப் போடப்பட்டதல்ல என்பது விளங்கும். விளைவு எல்லோருக்கும் தெரிந்ததே. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ 2018இல் வெளியிட்ட உலக ஆய்வு, 2017ஆம் ஆண்டில் மலேசியாவில் நிறுவப்பட்டிருந்த மென்பொருள்களில் 51 விழுக்காடு உரிமம் இல்லாதவை என்று கணக்கிட்டது. நிறுவனங்கள் தரப்பின் கணக்கு என்பதால் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் பாதிக்குப் பாதி என்பதைக் கேட்டு இந்தத் தொழிலில் யாரும் வியப்படைய மாட்டார்கள். 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒவ்வொரு திருட்டு நகலுக்கும் 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ விதிக்கலாம். அந்தப் பயத்தோடு ஒரு தலைமுறையே தொழில் கற்றது. கிராக் செய்த மென்பொருளோடு வைரஸும் வரும். திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கணினி படுத்துவிட்டால் யாரிடமும் போய் முறையிட முடியாது. சந்தா முறை இந்த இக்கட்டிலிருந்து ஒரு நேர்மையான வழியைத் திறந்தது. 2013இல் போட்டோஷாப்பையும் லைட்ரூமையும் சேர்த்து மாதம் 9.99 டாலருக்குக் கொடுத்த திட்டம் ஊர்ப் புகைப்படக்காரர்களைச் சட்டத்துக்கு உட்பட்ட பக்கம் இழுத்து வந்தது. விலை எட்டும் அளவில் இருந்தால் மக்கள் காசு கொடுத்தே பயன்படுத்துவார்கள் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவையில்லை.

அந்தச் சான்றை நிறுவனங்களே மறந்துபோனதுதான் என் வருத்தம். அந்த 9.99 டாலர் திட்டத்தைப் புதியவர்களுக்குக் கொடுப்பதை 2025 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். எல்லா மென்பொருள்களையும் சேர்த்த முழுச் சந்தா 2013இல் அமெரிக்காவில் மாதம் 49.99 டாலராக இருந்தது; பின்னர் 59.99 ஆகி, அதற்கு மேலும் ஏறியது. ஏற்றத்தை விட்டுவிடுவோம். பழைய 49.99 டாலரே நீடித்ததாக வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். 2013 மே மாதத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 3 ரிங்கிட். அந்த வீதத்தில் மாதம் 150 வெள்ளி. 2024 பிப்ரவரியில் ரிங்கிட் 4.80 அளவுக்குச் சரிந்தபோது அதே தொகை 240 வெள்ளி. பொருள் மாறவில்லை, டாலர் விலையும் மாறவில்லை என்றே வைத்தாலும் சுமை மட்டும் அறுபது விழுக்காடு ஏறிவிடுகிறது. மொத்தமாக வாங்கியவனுக்கு வாங்கிய நாளோடு நாணய மாற்றுத் தொல்லை முடிந்தது. சந்தாக்காரனுக்கு அது மாதாமாதம் வரும். இதோடு வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கான வரி 2020 ஜனவரியில் 6 விழுக்காடாக வந்து, 2024 மார்ச்சில் 8 ஆனது. பிறகு ரிங்கிட் ஓரளவு மீண்டது உண்மைதான். 2025 நடுவில் இருந்த 4.20 என்ற வீதத்தையே எடுத்துக்கொண்டு உழைப்பு நேரத்தில் அளந்து பாருங்கள். அமெரிக்காவின் மத்திய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர்; அங்கே அடிமட்டக் கூலி வாங்குபவர் 49.99 டாலரை ஏழு மணி நேரத்தில் சம்பாதித்துவிடுவார். மலேசியாவில் மாதம் 1,700 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8.72 வெள்ளி, 210 வெள்ளியைத் தேட இங்கே இருபத்து நான்கு மணி நேரம், அதாவது மூன்று முழு வேலை நாள் பிடிக்கும். கடை வைத்திருப்பவன் குறைந்தபட்சச் சம்பளக்காரன் அல்லவே என்று கேட்கலாம். அவனுடைய வாடிக்கையாளரின் சட்டைப்பையை நிர்ணயிப்பது அந்தச் சம்பளம்தான். ஒரு தோட்டத்துக் கோவில் பேனருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பது அதன் மேல்தான் நிற்கிறது.

சந்தா வேண்டாமென்றால் பழைய பதிப்பையே வைத்துக்கொள்ளலாமே என்பது அடிக்கடி வரும் யோசனை. ஆங்கிலத்திலோ மலாயிலோ மட்டும் வேலை செய்கிறவருக்கு அது ஓரளவு பொருந்தும். தமிழில் வேலை செய்கிறவருக்குப் பொருந்தாது. இந்த இடத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. பேஜ்மேக்கர் காலத்தில் நாங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் வேறு எழுத்துக்குறிகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. பாமினிக்கு ஒரு குறியீடு, தஸ்கிக்கு ஒன்று, 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த டாப், டாம் என்பவற்றுக்கு இன்னொன்று. கம்பத்தில் ஏறாத கொடி போல ஒரு கணினியில் அடித்தது இன்னொன்றில் எழாது. ஆனால் அந்தக் காலத்து மென்பொருள் அந்தக் காலத்து எழுத்துருவோடு ஒத்துப்போனது. இன்று வாடிக்கையாளர் திருவிழா விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், அது யூனிகோடு. அதை அப்படியே எடுத்துப் பழைய போட்டோஷாப்பில் ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ஒகர ஓகாரம் பிளந்துவிடும், அம்மனின் பெயரே பிழையாக அச்சேறும். ஆகவே யூனிகோடைப் பாமினியாக மாற்றி, மாற்றத்தில் விழுந்த பிழைகளைக் கண்ணால் பொறுக்கித் திருத்தி, பிறகுதான் வடிவமைக்க வேண்டும். இந்திய மொழிகளை ஒழுங்காக அமைக்கும் வசதி இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்போடு வந்தது. விலைக்கு விற்கப்பட்ட கடைசி வரிசையும் அதுவே. போட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் அந்த வசதி சந்தாக் காலத்தில்தான் நம்பத்தக்க நிலைக்கு வந்தது. ஆங்கிலத்துக்காரர் பழைய பதிப்பில் தங்கிவிட்டால் சில புதிய வசதிகளை இழப்பார். தமிழர் தங்கிவிட்டால் தம் மொழியைச் சரியாக எழுதும் வசதியையே இழப்பார். போதாததற்கு, சொந்தமாக வாங்கியதும் என்றென்றைக்கும் ஓடுவதில்லை. ஆப்பிள் 2019இல் 32 பிட் நிரல்களைக் கைவிட்டபோது மேக் கணினியில் சிஎஸ்6 தொகுப்பு முடங்கியது. ஆகப் பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பது எங்களுக்கு ஒரு வழியே அல்ல.

அடுத்த யோசனை, இலவச மென்பொருள். இதை நான் மதிப்போடு அணுகுகிறேன். தமிழை ஒழுங்காகக் காட்டுவதில் இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் பல கட்டண மென்பொருள்களை முந்திக்கொண்டன. ஆனால் எங்கள் வேலை திரையில் முடிவதில்லை, காகிதத்திலும் பேனர் துணியிலும் முடிகிறது. அச்சகம் கேட்பது நான்கு மை நிறங்களில் பிரிக்கப்பட்ட சிஎம்ஒய்கே கோப்பு. 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0கூட முன்னோட்டம் பார்க்கவும் கடைசியில் ஏற்றுமதி செய்யவும்தான் அதற்கு உதவுகிறது. கோப்பையே அந்த நிற முறையில் வைத்து வேலை செய்ய விடுவதில்லை. ஸ்கிரைபஸ் அதைச் செய்யும். பள்ளி மலர் போன்ற பல பக்க வேலைக்கு, பழகிக்கொண்டால், நல்ல கருவி. சிக்கல் என்னவென்றால் மலாக்காவிலும் சிரம்பானிலும் உள்ள பெரிய அச்சகங்கள் திறந்த கோப்பைக் கேட்கும்போது இல்லஸ்ட்ரேட்டர் கோப்பைத்தான் கேட்கின்றன. கடைசி நேரத்தில் ஒரு தேதியைத் திருத்த வேண்டுமென்றால் அவர்கள் கையில் இருப்பது அதுதான். மலிவுக்குப் பேர்போன அஃபினிட்டி, ஒரே முறை பணம் கட்டும் விலையில் கிடைத்த ஆண்டுகளில் இந்திய எழுத்துகளை அமைக்கத் தெரியாததாகவே இருந்தது. எங்களுக்கு மிகவும் தேவைப்பட்ட காலத்தில் அது கைகொடுக்கவில்லை. கேன்வா வாழ்த்து அட்டைக்கும் சமூக ஊடகப் படத்துக்கும் போதும். இருபது அடி நுழைவாயில் பேனருக்கு அதை நம்பி இறங்க முடியாது. இலவசக் கருவிகளால் வேலையில் ஒரு பகுதியை முடிக்கலாம், அந்தப் பகுதியைப் பெருக்கவும் வேண்டும். ஆனால் தொழிலின் முதுகெலும்பு இன்னும் கட்டண மென்பொருளில்தான் இருக்கிறது.

சந்தாவின் உண்மையான வசதி வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது விடுவதுதான் என்றால், அதை முழுதாகக் கொடுக்க வேண்டும். பெரிய திட்டங்களில் பலரும் சேர்வது ஆண்டு ஒப்பந்தத்தில். பணம் மட்டும் மாதாமாதம் போகும். மாதம் கட்டுகிறோம், ஆகையால் மாதத்தில் நிறுத்தலாம் என்று நினைப்பது இயல்பு. அப்படி நினைத்து முதல் ஆண்டின் நடுவில் விலகியவர்களிடம் மீதமுள்ள தவணைகளில் பாதியைக் கட்டணமாக வசூலித்ததையும் அதைச் சேரும்போது தெளிவாகச் சொல்லவில்லை என்பதையும் குற்றச்சாட்டாக வைத்து, அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2024 ஜூனில் அடோபி மீது வழக்குத் தொடுத்தது. உண்மையிலேயே மாதத்துக்கு மாதம் நிறுத்தக்கூடிய திட்டமும் உண்டு. அதற்கு விலை மிகக் கூடுதல். திருவிழாக் காலத்தில் ஓடி மார்கழியில் ஓய்கிற தொழிலுக்கு இரண்டுமே பொருந்தவில்லை. நாள் கணக்கில் விற்க முடியாதா என்றால் முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க், 2016இல் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியது. பிறகு 2021இல் ஃபிளெக்ஸ் என்ற டோக்கன் முறையைக் கொண்டுவந்தது. பயன்படுத்திய நாளுக்கு மட்டும் டோக்கன் கழியும். ஆட்டோகேடுக்கு ஒரு நாளைக்கு 7 டோக்கன். தம்பின் மாவட்ட மன்றத்துக்கு வீட்டு விரிவாக்கப் பிளான் வரைந்து கொடுப்பவருக்கு, மாதத்தில் நான்கைந்து நாள் மட்டுமே அந்த மென்பொருள் தேவைப்படுகிறவருக்கு, யோசனை அளவில் இது மிகச் சரியானது. ஆனால் டோக்கனைக் குறைந்தது நூறாக, 300 டாலர் கொடுத்து வாங்க வேண்டும்; ஓராண்டில் பயன்படுத்தாதது காலாவதியாகிவிடும். பெரிய அலுவலகத்தின் உபரித் தேவையை நினைத்து வகுத்த திட்டம் அது. அதையே ஒரு நாள், ஒரு வாரம் என்று சிறு தொகைக்கு விற்பதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை; கணக்கு வைக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது.

கட்டியவன் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும் என்ற மூன்றாவது நிபந்தனையைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள்: வாடகைக்கு இருந்தவன் வீட்டில் பங்கு கேட்கலாமா என்பார்கள். ஆனால் தோட்டப்புறத்து மக்களுக்கு மாதத் தவணை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டத் துண்டாடலால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து நின்றபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அன்றைய கூலியில் பத்து வெள்ளி லேசான தொகையல்ல. அதைக் கட்டியதற்குக் காரணம், கட்டுகிற ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பங்காக நிற்கும் என்ற உறுதி. மென்பொருள் சந்தாவில் அந்த உறுதி இல்லை. ஐந்தாண்டு தவறாமல் கட்டியவரும் ஆறாம் ஆண்டு ஒரு மாதம் தவறினால் முதல் நாள் வந்தவரைப் போலவே வெளியே நிற்கிறார். தாம் செய்த வேலையின் கோப்புகளைத் திறக்கக்கூட வழியில்லை. இதை மாற்ற முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. நிரலாளர்களுக்கான கருவிகளை விற்கும் ஜெட்பிரெயின்ஸ் 2015 செப்டம்பரில் முழுச் சந்தா முறைக்கு மாறுவதாக அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த நிறுவனம் சில வாரங்களில் திட்டத்தைத் திருத்தியது: தொடர்ந்து பன்னிரண்டு மாதம் கட்டியவர், பிறகு நிறுத்தினாலும் அந்தக் காலத்துக்குரிய ஒரு பதிப்பை எப்போதும் பயன்படுத்தலாம். கூடவே இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் தொடர்பவருக்கு விலையும் குறைந்தது. புதிய வசதி வேண்டுபவர் கட்டிக்கொண்டே இருப்பார். முடியாதவர் கட்டியதை இழக்கமாட்டார். அந்த நிறுவனம் இதனால் நொடித்துப் போகவில்லை, இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

நிறுவனங்கள் பக்கம் நியாயமே இல்லையா என்றால், உண்டு. மென்பொருளை ஒருமுறை செய்து விட்டுவிட முடியாது. பாதுகாப்புத் திருத்தம், புதிய இயங்குதளத்துக்கேற்ற மாற்றம், மேகச் சேமிப்பு எல்லாம் தொடர்ந்து செலவு வைப்பவை. தமிழ் எழுத்து ஒழுங்காக அமைவதும் அப்படித் தொடர்ந்து செய்த வேலையின் பலன்தான் என்பதால் இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் எங்கள் நாட்டுக்கு ஒரு விலை, அவர்கள் நாட்டுக்கு ஒரு விலை என்பது முடியாது என்று சொல்வதை ஏற்க முடியாது. அது முடியும் என்பதை இவர்களே, தலைகீழாக, நடத்திக் காட்டியிருக்கிறார்கள். சிஎஸ்6 முழுத் தொகுப்பு அமெரிக்காவில் 2,599 டாலருக்கு விற்றபோது ஆஸ்திரேலியாவில் 4,334 ஆஸ்திரேலிய டாலர். இரு நாணயங்களும் அப்போது ஏறத்தாழச் சம மதிப்பில் இருந்தன. ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2013இல் ஆப்பிள், மைக்ரோசாப்ட், அடோபி ஆகியவற்றை அழைத்து இதை விசாரித்தது. இடத்தைப் பார்த்து விலையை ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இடத்தைப் பார்த்து இறக்கவும் தெரியும். நெட்ஃபிளிக்ஸ் 2019 அக்டோபரில் மலேசியாவுக்கென்று கைப்பேசித் திட்டத்தை மாதம் 17 வெள்ளிக்குக் கொடுத்தது. மலிவு விலையில் இங்கே வாங்கி அமெரிக்காவில் பயன்படுத்திவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு, உள்ளூர் வங்கி அட்டையும் நிறுவனப் பதிவெண்ணும் கேட்டாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். கல்விச் சலுகை விலையை இதைவிட எளிய சோதனையோடு ஆண்டுக்கணக்காகக் கொடுத்து வருகிறார்கள்.

மலிவு என்ற பெயரில் ஊனமான பொருளைக் கொடுக்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மைக்ரோசாப்ட் 2004இல் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளை நோக்கி விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் என்ற பதிப்பைக் கொண்டுவந்தது. விலை குறைவு; ஆனால் ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்கு மேல் திறக்க விடாது. எழுத்துரு மாற்றி, படத் திருத்தி, பக்க அமைப்பு, வாடிக்கையாளரின் கடிதம் என்று நான்கைத் திறந்து வைத்து வேலை செய்கிறவனுக்கு அதனால் என்ன பயன்? தோட்டத்துக் கோவில் பேனருக்கும் கோலாலம்பூர் விளம்பர நிறுவனத்தின் பேனருக்கும் அச்சு இயந்திரம் ஒன்றுதான், மை ஒன்றுதான். கருவி முழுதாக இருக்க வேண்டும். விலைதான் வேறுபட வேண்டும்.

செலவை வாடிக்கையாளர் தலையில் வைக்கலாமே என்பதும் ஒரு வாதம். நூறு பேருக்கு வேலை செய்யும் நகர நிறுவனம் ஒரு சந்தாவை நூறாகப் பிரித்து யாருக்கும் தெரியாமல் விலையில் சேர்த்துவிடும். சிற்றூரில் மாதத்துக்கு வரும் வேலை குறைவு, ஒவ்வொன்றும் சின்ன வேலை. பிரித்தாலும் பங்கு கண்ணில் படும்படிதான் இருக்கும். ஏற்றினால் இணையத்தில் ஆர்டர் எடுக்கும் நகரத்துக் கடைக்கு வேலை போய்விடும். அங்கே தமிழ் தெரிந்தவர் இருப்பார் என்ற உறுதி இல்லை, பிழையோடு அச்சாகி வந்த பேனர்கள் ஊருக்கு ஊர் தொங்குவதைப் பார்க்கிறோம். சிற்றூர்த் தமிழ் வடிவமைப்பாளர் கடையை மூடினால் போவது அவருடைய பிழைப்பு மட்டுமல்ல. அந்த வட்டாரத்துப் பொதுச் சுவர்களில் தமிழ் பிழையின்றி நிற்பதும் அதோடு போகிறது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஆலய நோட்டீஸும் பள்ளி மலரும் நினைவஞ்சலியும்தான் பல குடும்பங்களின் கையில் அச்சாகி வந்து சேரும் தமிழ்.

அரசாங்க உதவியைப் பற்றி ஒரு சொல். சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான டிஜிட்டல்மய மானியம் செலவில் பாதியை, 5,000 வெள்ளி வரை, ஏற்கும் ஏற்பாடாக வந்தது. விற்பனைப் பதிவு, கணக்கு, சம்பளப் பட்டியல், இணைய விளம்பரம் போன்றவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்ட திட்டம் அது. ஒருமுறை கிடைக்கும் தொகை, மாதாமாதம் கட்டும் தொழிற்கருவிச் சந்தாவுக்கு ஏற்ற வடிவம் அல்ல. தெக்குன் வழியாக இந்தியத் தொழில்முனைவோருக்கு வரும் ஸ்புமி கடனை வாங்கினால் பிரின்டரும் கட்டிங் இயந்திரமும் வாங்கலாம். அவை கடையில் நிற்கும், விற்றாலும் காசு வரும். சந்தாவைக் கடன் வாங்கிக் கட்டினால் மாத இறுதியில் கடன் மட்டும் மிஞ்சும். ஆகையால் இதற்கு வேண்டியது கடன் அல்ல. அரசாங்கமோ வர்த்தகச் சங்கங்களோ பல நூறு சிறு கடைகளின் சார்பில் ஒரே மேசையில் உட்கார்ந்து விலை பேசுவது. பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்கள் எல்லோருக்கும் சேர்த்து மொத்த உரிமம் பேசி வாங்குகின்றன. அதே பேரத்தைப் பட்டம் வாங்கி ஊர் திரும்பிக் கடை வைத்தவருக்காகச் செய்ய ஆளில்லை.

தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். திருட்டு நகலுக்குத் திரும்பாதீர்கள். அது சட்டத்துக்கும் தப்பாது, நம் கோரிக்கையின் பலத்தையும் கெடுக்கும். ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தால் புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதற்கு முன்பே வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுங்கள். முடித்த வேலை ஒவ்வொன்றையும் பிடிஎஃப்பாகவும் எஸ்விஜியாகவும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், எழுத்து எல்லாம் யூனிகோடிலேயே இருக்கட்டும். சந்தா நின்றாலும் வேலை உங்களிடம் இருக்கும். பள்ளி மலரையாவது ஸ்கிரைபஸில் செய்து பழகுங்கள். உங்கள் மாநிலத்து இந்திய வர்த்தகச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, சிற்றூர்க் கடைகளுக்கு ரிங்கிட்டில் நிலையான விலையும், நாள் கணக்கில் வாங்கும் வசதியும், பன்னிரண்டு மாதம் கட்டியவருக்கு ஒரு நிரந்தரப் பதிப்பும் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். அந்தத் தீர்மானத்தை மென்பொருள் நிறுவனங்களின் மலேசிய விநியோகஸ்தர்களுக்குச் சங்கத்தின் பெயரில் அனுப்பச் சொல்லுங்கள்.